ஜன்னல் மூலைக்கே போகிற பந்து

மருமகன்: இன்னொரு தடவை உருட்டுங்க மாமா. மெதுவா... தள்ளாதீங்க, சும்மா விடுங்க.

மாமனார்: எத்தனை தடவை விட்டாலும் அது போறது ஜன்னல் மூலைக்குத்தான் மாப்பிள்ளை. அங்க ஏதோ சொத்து வெச்சிருக்கு போல.

மருமகன்: போன ஞாயித்துக்கிழமை நான் கெளம்பறப்போ ரசமட்டத்துல குமிழி நட்டநடுவுல நின்னுச்சு. நீங்களே கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாத்தீங்க.

மாமனார்: பாத்தேன்.

மருமகன்: அப்புறம் எப்படி?

மாமனார்: வீடு சாயுதோ என்னமோ.

மருமகன்: ஒரே வாரத்துல சாயற வீடுன்னா நாம இப்ப தெருவுல நின்னுட்டிருக்கணும்.

மாமனார்: பழைய மேசை பாருங்க. கிளப்புல எத்தனை பேர் சாஞ்சிருப்பாங்க, எத்தனை பேர் ஏறி உக்காந்திருப்பாங்க... அதுக்கும் ஒரு பழக்கம் இருக்கும்ல.

மருமகன்: துணிக்கு அடியில மூணு கல்லுப் பலகை, ஒரு சட்டம், நாலு காலு. இதுல பழக்கம் எங்கேர்ந்து வரும்? ஆமா, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நீங்க கேரம்கூட ஆட மாட்டீங்க. இந்த பூல் டேபிளை எதுக்கு வாங்கினீங்க?

மாமனார்: கிளப்பை மூடறாங்கன்னாங்க... மலிவாக் கெடைச்சுது...

மருமகன்: மலிவாக் கெடைச்சா யானையும் வாங்குவீங்களா?

மாமனார்: யானையைப் பூட்டி நிறுத்த உங்களுக்குத் தெரியாதே. இது தெரியும்னு பொண்ணு எப்பவோ சொல்லியிருந்தா. காலேஜ் படிக்கறப்போ கிளப்புல வேலை பாத்தீங்களாமே.

மருமகன்: ம்... பாத்தேன்.

மாமனார்: என்ன, குரல் உள்ள போகுது?

மருமகன்: ஒண்ணுமில்ல. துணியை எடுத்து வெயில்ல விரிங்க, மடிப்பு போகட்டும். இந்தக் காலைச் சரி பண்ணிட்டு, கல்லு சேர்ற எடத்துல மறுபடி மெழுகு ஊத்திச் சுரண்டணும். துணியை இழுத்து அடிச்சாச்சுன்னா தீந்துது.

மாமனார்: தீந்துதுன்னா?

மருமகன்: அதுக்கப்புறம் எனக்கு இங்க வேலை இல்ல.

மாமனார்: ...டீ குடிக்கறீங்களா?

மருமகன்: இப்பத்தானே குடிச்சோம்.

மாமனார்: அதுவும் சரிதான்.

மருமகன்: மேல நாற்காலி நகர்ற சத்தம் கேக்குதே.

மாமனார்: கேக்கும். நீங்க வந்தா பொண்ணு மாடிப்படிப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுத்தான் உக்காருவா. கேட்டா காத்து வருதுங்கறா.

மருமகன்: இன்னிக்காவது கீழ வருவாளா மாமா?

மாமனார்: கூப்பிட்டேன். "அவர் மேசையைப் பாக்கத்தானே வந்திருக்கார், நல்லாப் பாக்கட்டும்"னுட்டா. கோவம் நியாயமானது மாப்பிள்ளை. வேற ஊருக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுக்கறீங்க. பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்து வீட்டு அம்மா வந்து, "எப்பம்மா காலி பண்றீங்க"ன்னு கேட்டுத்தான் அவளுக்கே தெரியணுமா?

மருமகன்: தப்புதான். சம்பளம் கூட வரும், கடைசில சொல்லி அசத்தலாம்னு நெனச்சேன்.

மாமனார்: அசத்திட்டீங்க. பெட்டியோட வந்து நிக்கறா.

மருமகன்: ...அந்த டார்ச்சைக் குடுங்க. அடியில போய்ப் பாக்கறேன்.

மாமனார்: பாத்து. தலையை இடிச்சுக்காதீங்க.

மருமகன்: மாமா, இந்த மூலைக் காலுக்கு அடியில எத்தனை சீட்டு வெச்சோம்?

மாமனார்: மூணு. நம்ம பழைய சீட்டுக்கட்டுலேர்ந்து. இஸ்பேட் ராஜா, அப்புறம் ரெண்டு நம்பர் சீட்டு.

மருமகன்: ராஜாவைக் காணோம்.

மாமனார்: எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும்.

மருமகன்: இந்த மேசையைத் தூக்கிட்டுச் சீட்டை உருவற எலியா? அப்படி ஒண்ணு இருந்தா கூட்டிட்டு வாங்க, எனக்கு ஒத்தாசையா இருக்கும். மாமா... சட்டத்துல பள்ளமா ஒரு தடம் இருக்கு. சுத்திக் கிரீஸ் ஒட்டியிருக்கு. கார் ஜாக்கி வெச்ச தடம்.

மாமனார்: அப்படியா.

மருமகன்: ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நான் வந்தப்போ இடுப்புப் பிடிச்சுக்கிச்சுன்னு தைலம் தடவிட்டு நின்னீங்களே...

மாமனார்: வயசானா இடுப்பு பிடிக்கத்தான் செய்யும்.

மருமகன்: மாமா.

மாமனார்: சரி... அந்த வாரம் ஒரு சீட்டை எடுத்தேன். ஆபீஸ்ல காலம் பூரா ரப்பர் ஸ்டாம்ப் குத்தினவன் நான், ஜாக்கியை இந்த மேசைக்குத்தான் மொதமொதல்ல தொட்டேன். மொதல் வாரமே எல்லாத்தையும் முடிச்சுடுவீங்க போல இருந்துச்சு. முடிச்சுட்டா எந்த மொகத்தை வெச்சுக்கிட்டு உங்களை மறுபடி கூப்பிடறது? மேசையை வாங்கினதும் அதுக்குத்தான். போதுமா?

மருமகன்: ஹ்ஹ... ஹ்ம்...

மாமனார்: சிரிக்கறீங்களா, அழறீங்களா? மேசைக்கு அடியில இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?

மருமகன்: ரெண்டும். மாமா, நானும் ஒண்ணு சொல்லிடறேன். கிளப்புல நான் பந்து தொடைச்சவன். மேசை பூட்டினதே கிடையாது. நீங்க போன்ல கேட்டதும் தெரியும்னு சொல்லிட்டு, வீடியோ பாத்துக் கத்துக்கிட்டு வந்தேன்.

மாமனார்: அதான் மொதல் நாள் நடுக்கல்லை ஓரத்துல வெச்சுட்டு முழிச்சீங்களா? நான்கூட, தெரிஞ்சவர், ஏதோ கணக்கோட செய்யறார்னு கம்முனு இருந்தேன்.

மருமகன்: இன்னும் இருக்கு. ரெண்டாவது வாரம் கெளம்பறப்போ நீங்க கை கழுவப் போனீங்க. அந்த நேரத்துல கடப்பாரையால காலை லேசா நெம்பி ஒரு சீட்டை உருவிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டேன்.

மாமனார்: அடப்பாவி.

மருமகன்: மூணாவது வாரம் வந்து, "என்ன மாமா மறுபடி சாஞ்சிருக்கு"ன்னு நானே கேட்டேன்.

மாமனார்: நானும் திருதிருன்னு முழிச்சேன். எடுக்காத சீட்டு எப்படிப் போச்சுன்னு ரெண்டு நாள் தூக்கமே இல்ல... அப்ப போன வாரமும் நீங்கதானா?

மருமகன்: இல்ல. போன வாரம் ஒழுங்கா வெச்சேன். திருட்டுத்தனமா வந்து போறது போதும்னு தோணிடுச்சு. இன்னிக்கு மேசையை முடிச்சுட்டு நேரா மாடிக்குப் போய், மாத்தலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லிடலாம்னு இருந்தேன்.

மாமனார்: எழுதிக் குடுத்துட்டீங்களா? எப்போ?

மருமகன்: அவ பெட்டியோட கெளம்பின வாரமே.

மாமனார்: அதையும் சொல்லலையா? ஐயோ மாப்பிள்ளை... உங்களை வெச்சுக்கிட்டு அவ என்னதான் பண்ணுவா?

மருமகன்: போன் பண்ணா எடுக்கல. இங்க வந்தா கீழ வரல. வேண்டாம்னு எழுதினதையும் ஒரு தந்திரம்னு நெனச்சுடுவாளோன்னு பயம். இப்ப அதை விடுங்க. போன வாரம் நீங்களும் எடுக்கலையா?

மாமனார்: சத்தியமா இல்ல. இடுப்பு இன்னும் சரியாகல எனக்கு.

மருமகன்: அப்ப யாரு?

மாமனார்: அதானே...

மருமகன்: இருங்க. இங்க இன்னொரு தடம் தெரியுது. இது பள்ளமே விழல. நீங்க வெச்சது மரத்தைக் கடிச்சிருக்கு. இதுல லேசா சதுரமா ஒரு அழுத்தம் மட்டும்... இது பலகைத் துண்டு மாமா. ஜாக்கிக்கும் மரத்துக்கும் நடுவுல பலகை வெச்சுத் தூக்கியிருக்காங்க.

மாமனார்: பலகை வெக்கணும்னே எனக்குத் தெரியாதே.

மருமகன்: தெரியாது. அதனாலதான் உங்க தடம் அப்படி இருக்கு. பலகை வெக்கச் சொல்லி நான் ஒரே ஒருத்தருக்குத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். கல்யாணமான புதுசுல. நடுரோட்டுல டயர் பஞ்சர். மழை வேற. "நான்தான் கழட்டுவேன், நீங்க குடையைப் பிடிங்க"ன்னு ஒத்தக்கால்ல நின்னா...

மாமனார்: மாப்பிள்ளை.

மருமகன்: என்ன மாமா?

மாமனார்: வெளிய வாங்க.

மருமகன்: இருங்க, இந்தத் தடத்தை இன்னும் கொஞ்சம்...

மாமனார்: வாங்கன்னா வாங்க. நாற்காலிச் சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு. படியில யாரு நிக்கறான்னு பாருங்க.

மகள்: அப்பா, இந்த ராஜாவை அவர்கிட்ட குடுங்க.

மாமனார்: நீயே குடும்மா. எனக்கு இடுப்பு வலி. நான் போய் டீ போடறேன்.

மருமகன்: நான் சொன்னதெல்லாம்... கேட்டுச்சா?

மகள்: நாலு வாரமா எல்லாமே கேக்குது. இன்னிக்குத்தான் கேக்க வேண்டியது கேட்டுச்சு.

மருமகன்: மாத்தலை வேண்டாம்னதை அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்... சொல்லத் தெரியல. இனிமே எதுவா இருந்தாலும் உன்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன். ஆனா ஒண்ணு கேக்கவா? என் மேல அவ்வளவு கோவம். சீட்டை உருவற அவசரம் வேற. அப்பகூட பலகை வெச்சுத் தூக்கணும்னு தோணுச்சா உனக்கு?

மகள்: பின்ன? சட்டம் உடைஞ்சு மேசை வீணாப் போயிட்டா, அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க எதைச் சாக்கு வெச்சு வருவீங்க?