நிமிர்த்திப் பிடித்த ஸ்ட்ரிப்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைக்கு வந்த பஸ்ஸில், முன் இருக்கைப் பெண், "லயத்துக் காம்பரா மாதிரில்ல ஒட்டி ஒட்டி வச்சிருக்கு" என்றாள். கையில் சிறுநீரில் நோய் பார்க்கும் ஸ்ட்ரிப்; மெல்லிய பட்டையில் வரிசையாக மருந்துக் கட்டங்கள். அதை வடிவமைக்கும் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை என்பது பேச்சில் தெரிந்தது. பக்கத்தில், லயத்து வரிசை அறைகளில் ஒன்றில் வாழும், கொழுந்தெடுக்கும் அவள் அக்கா.

"அதுல என்னடி குத்தம்?"

"நிமித்திப் புடிச்சு ஈரம் கீழ எறங்குனா, ஒரு கட்டத்து மருந்து அடுத்த கட்டத்துக்குப் போயி நெறத்தயே மாத்திருது."

"பக்கத்துக் காம்பராவுல கருவாடு பொரிச்சா நம்ம காம்பரா நாறுற மாதிரி."

"ஆமா. எங்க ஆய்வுகூடத்துப் பெரிய சேர் என்னா சொல்றாரு தெரியுமா? ஸ்ட்ரிப்ப படுக்க வச்சுப் பாக்கணும்னு சனங்களுக்குச் சொல்லிக் குடுத்தா போதுமாம்."

"கிளினிக்ல ஏது மேசை? நர்சம்மா கண்ணுல படட்டும்னு நாங்க கொடி மாதிரில்ல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்போம்."

"அப்பிடியே புடிங்க. நிமித்திப் புடிச்சாலும் கலக்காத மாதிரி, கட்டத்துக்குக் கட்டம் மெழுகுல செவரு வக்கிறேன்."

"சேர் வேணாம்னா?"

"கிளினிக்குக்கு வரச் சொல்றேன். அந்த வரிசையில ஒனக்குப் பின்னால நிக்கட்டும். ஸ்ட்ரிப்ப எங்க படுக்க வக்கிறாருன்னு பாப்போம்."