ஏர்கான் அறைப் பாம்பு

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள்: நான், அக்கா புஷ்பவள்ளி, அவள் புருஷன் கணேஸ்வரன், கண்ணாடிப் பெட்டியில் என் பாம்பு.

பாம்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் சார். மலைக்காட்டில் அபூர்வமாகக் கிடைப்பது. கருப்பு உடம்பு, வெள்ளை வளையம். பார்த்தால் கட்டுவிரியன் என்றே நினைப்பார்கள், விஷம் கிடையாது. கோலா சிலாங்கூர் வெக்கையை அது தாங்காது. படிப்பை விட்டு நைட் ஷிப்டுக்குப் போன சம்பளத்தில் என் அறைக்கு ஏர்கான் போட்டேன்.

குளிர் வந்ததும் மாமாவும் வந்துவிட்டார். நான் வேலை முடிந்து திரும்பும்போது என் கட்டிலில் கிடப்பார். தலையணையில் எண்ணெய் வட்டம். குடித்த கோப்பையில் சளி. விரிப்பில் வெட்டிய கால் நகம். செம்பனைத் தோட்டத்தில் நனைந்த சட்டைகளை மூலையில் குவித்து வைப்பார். கெட்டுப்போன மீன் மாதிரி நாறும்.

"பாம்புக்கு ஏர்கான், மாமாவுக்குக் காத்தாடியா மச்சான்? நான் என்ன அதைவிட மட்டமா லா?" என்று சிரிப்பார். பல்லிடுக்கில் முந்தின நாள் கீரை இருக்கும்.

அன்று அந்தக் குவியலுக்குள் கையை விட்ட மாமா, "கடிச்சிருச்சு மச்சான், வளையம் போட்டது" என்று அடுப்படிக்கு ஓடினார். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டுவிரியன். மழைக்கு ஒதுங்கியிருக்கும். அதைச் சட்டையோடு சுருட்டி வாளியில் போட்டு, ஜன்னல் வழியாக வாய்க்காலில் கொட்டினேன். பிறகு பெட்டியைத் திறந்து என் பாம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"இதுதான் மாமா. தப்பிச்சு வெளிய வந்திருக்கு."

"ஆஸ்பத்திரிக்கே போயிரலாம் தம்பி" என்றாள் அக்கா.

அவர்கள் முன்னால் என் விரலைக் கடிக்கக் கொடுத்தேன். ரத்தப் புள்ளி வந்தது. "நான் செத்தா போயிட்டேன்?"

மாமாவே சொன்னார்: "இதுக்குப் போனா நர்ஸுப் பிள்ளைங்க சிரிக்கும் லா." மறுபடி என் கட்டிலில் போய்ப் படுத்தார்.

கட்டுவிரியன் கடி அவ்வளவாக வலிக்காது. இமைதான் முதலில் விழும். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணைத் திறக்க முடியல மச்சான்." நாக்கு குழறியது.

"தூக்கம் மாமா. தூங்குங்க."

கடைவாயில் எச்சில் ஒழுகித் தலையணையில் இறங்கியது. அப்போதும் வாசலில் நின்ற தோட்டத்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார். தெரிந்துதான் விட்டேன்.

ஆனால் அவரை நான் தொடக்கூட இல்லை, சார்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். "மாமா அசந்து தூங்குறாரு, எழுப்பாதக்கா" என்று சொல்லி வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினேன்.