மேஸ்திரிக்கு ஒரு பொட்டலம்

— இவ்ளோ பெரிய பொட்டலம் யாருக்கு, சவுரி?

— மேஸ்திரிக்குத்தான். சுந்தரமூர்த்தி மேஸ்திரிக்கு. நீ கை வைக்காதய்யா. முந்திரியெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி அதுலதான் போட்டிருக்கேன்.

— அவனுக்கு எதுக்குப் பொங்கலு?

— எதுக்கா? நல்லாக் கேட்ட போ. என்னைய ஜட்காவுல போட்டுக்கினு வேலூர் ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்குமா அலைஞ்சியே, வேற மேஸ்திரியா இருந்தா வேலைய உட்டே தூக்கியிருப்பான். திரும்பி வந்ததும் உன்ன அதே தோல் ஷாப்பு சுண்ணாம்புக் குழியில எறக்கி உட்டாரே, அந்த மனுசன். இன்னிக்கு மாதா கோயில்ல நன்றிப் பூசை. சாமிக்கு அடுத்து அவருக்குத்தான்.

— பூசைக்குச் சாமி போதும். அவன் பேர எடுக்காத.

— இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்? உன் தங்கச்சிக்குக்கூட ஒண்ணு கட்டியிருக்கேன்.

— அமிர்தவள்ளிக்குமா கட்டியிருக்கே? வாசப்படியோட நின்னுட்டுப் போனவளுக்கா?

— நின்னா இல்ல? முந்தானையால மூக்கப் பொத்திக்கினாலும் நின்னா. மத்தவங்க தெருவையே மாத்திக்கினு போனாங்க. இது உபதேசியாருக்கு. ஜன்னலுக்கு வெளிய நின்னே ஜெபம் பண்ணாரு. சத்தமாத்தான் பண்ணாரு, கொறை சொல்லக் கூடாது.

— இப்படியே ஊருக்கெல்லாம் படியளக்கப் போறியா?

— வயிறு எரியுதுதான்யா. ஆனா எரியுதுன்னு ஒவ்வொருத்தரா கழிச்சிக்கினே வந்தா, எனக்குன்னு ஒருத்தருமே வரலன்னு ஆயிடாதா? அத என்னால தாங்க முடியாது. டாக்டரம்மாவுக்கும் ஒண்ணு அனுப்பணும். உன்னத்தானே உள்ள கூப்ட்டுச் சொன்னாங்க, வைத்தியம் முடிஞ்சிதுன்னு?

— ஆமா. இனிமே அலைய வேணாம், ஊட்லயே இருக்கட்டும்னாங்க.

— வெள்ளக்காரியா இருந்தாலும் மகராசி. எம் மாரத் தொட்டுப் பாக்க ஒரு நாளும் மூஞ்சி சுளிக்கல... கொஞ்சம் தள்ளி நில்லுய்யா. ஷாப்பு நாத்தம்.

— அடிக்குதா?

— அடிக்குதாவா? நாலஞ்சு நாளா கொடலப் பொரட்டுது. உனக்கு எங்க தெரியும். அந்தக் குழியில தோலோட தோலா நின்னு மூக்கு செத்துப் போச்சு உனக்கு.

— குளிச்சிட்டு வர்றேன்.

— இருய்யா, திட்டல. போன வருசம் இதே மாதிரிதான் நாத்தம் நாத்தம்னு உன்ன வெளியில படுக்க வச்சேன். மார்கழிப் பனியில கெடந்தே. உன் வேட்டிய அடிச்சி அடிச்சித் தொவச்சேன். கடைசியில பார்த்தா ஷாப்பு நாத்தமே இல்ல, எம் மாருல கட்டி ஒடஞ்ச நாத்தம். உன்னத் திட்டிக்கினே நோவ வளர்த்துட்டேன். பாவி நான்.

— பழசை எதுக்குப் பேசறே.

— இப்பதான் அத அறுத்து எறிஞ்சாச்சே. அப்புறமா ஒரு வாசனையும் இல்லாம இருந்துச்சு. இப்ப அடிக்கிறது நெஜமாவே உன் நாத்தந்தான். நெசத்தச் சொல்லட்டா? எனக்கு சந்தோசமாக்கூட இருக்குது. இந்த நாத்தம் அடிக்கிற வரைக்கும் நம்ம அடுப்பு எரியும்.

— குளிச்சிட்டு வர்றேன்மே.

— கையக் காட்டு. இன்னாய்யா இது, உள்ளங்கையெல்லாம் கொப்புளம்?

— முரட்டுத் தோலு. புதுசா வந்த லாட்டு.

— இத்தினி வருசமாக் காப்புக் காச்ச கையில கொப்புளமா? சரி, போ. சீயக்கா மாடத்துல இருக்குது. முன்னெல்லாம் குளின்னா சண்டைக்கு வருவே. இப்ப எத்தினி தடவ சொன்னாலும் வாயத் தொறக்காம போறே. நோவு எனக்கு வந்துச்சு, பொறுமை உனக்கு வந்துச்சு.

— சவுரி அக்கா! பூசைக்கு நேரமாவலியா?

— வா மஹ்பூபி. இந்தா, நோம்புலயும் எனக்குக் கஞ்சி காச்சிக் கொண்டாந்தவ நீ, உனக்குத்தான் மொதல்ல. இந்தப் பெரிசையும் எடுத்துக்கோ. உங்க ஊட்டுக்காரரு ஷாப்புக்குப் போறப்ப மேஸ்திரிகிட்ட குடுத்துடட்டும். இவரு இன்னாவோ முறுக்கிக்கிறாரு.

— எந்த மேஸ்திரி? சுந்தரமூர்த்தியா? அரே, உனக்குப் பைத்தியமா அக்கா? அண்ணன வெளிய தள்ளினவனுக்கா பொங்கலு?

— யார வெளிய தள்ளினான்?

— ஆரோக்கியம் அண்ணனத்தான்... யா அல்லா. உன்கிட்ட சொல்லலியா?

— சொல்லு மஹ்பூபி. அவரு கெணத்தடியில இருக்காரு. சொல்லு.

— நீ ஆஸ்பத்திரியில படுத்த வாரமே கணக்குத் தீத்துட்டான் அக்கா. திரும்பிப் போய்க் கேட்டதுக்கு, உன் ஊட்டு நாத்தம் தோல்ல ஒட்டிக்கும், வராதேன்னுட்டான். எங்க ஊட்டுக்காரரு எவ்ளோ பேசிப் பார்த்தாரு. கேக்கல.

— அப்போ வெடியறதுக்குள்ள எழுந்து எங்க போறாரு?

— ரயிலடிக்கிட்ட வெறகு மண்டிக்கு. வெறகு பொளக்குறாரு. நீ பேஜாராவேன்னு சொல்லாம உட்டிருப்பாரு.

— ஷாப்புப் பக்கமே போவலியா?

— அப்புறம் அந்த வாசல மிதிக்கவே இல்ல.

— தோலத் தொடலியா? நேத்து? முந்தாநேத்து?

— எங்க தொடறது? ஏன் அக்கா... மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? உக்காரு மொதல்ல.

— கிட்ட வா. இன்னும் கிட்ட வா. எம் மேல இன்னா வாசன அடிக்குது?

— எங்க ஊட்லயும் ஷாப்பு நாத்தந்தானே அக்கா, எனக்கு இன்னா தெரியும்...

— பொய் சொல்லாத மஹ்பூபி. என்னப் பாத்துச் சொல்லு.

— அக்கா...

— சரி, உடு. அழுவாத. கண்ணத் தொடை, நீ அழுதத அவரு பாக்கக் கூடாது. அந்தப் பெரிய பொட்டலத்தப் பிரிச்சி உன் புள்ளைங்களுக்குக் குடு. முந்திரி நெறைய இருக்குது. தண்ணி ஊத்துற சத்தம் நின்னுடுச்சு, போ.

— யாரு, மஹ்பூபியா வந்துட்டுப் போவுது? இதோ பார் சவுரி, சீயக்கா போட்டு நல்லாத் தேச்சிட்டேன். இப்ப போய்டுச்சா நாத்தம்?

— கிட்ட வாய்யா. குனி, தலையத் தொவட்டி உடறேன். உம் மேல நாத்தமே இல்லய்யா. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல.