அண்ணன் வாங்கித் தந்த ஹெட்போன்

மாதச் சந்தா கட்டிப் படம் பார்க்கும் செயலிகளில் எது நல்லது என்று யாராவது கேட்டால், நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்ப்பேன். டவுன்லோடு செய்து வைத்த படம் நெட் இல்லாதபோதும் ஒழுங்காக ஓடுகிறதா? மற்றதெல்லாம் அலங்காரம். பெரிய ஊரில் நல்ல லைன் போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது விளங்காது. எங்கள் ஊரான கருங்கல் பக்கம் நாலு ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தால் அன்றைக்கு உலகம் நின்றுவிடும்.

'வாங்கலாமா?' என்ற என் இணையப் பக்கத்தை வாசிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். ஓசியில் போன் அனுப்பினாலும் குறையைக் குறை என்றுதான் எழுதுவேன். மொபைல் கடையில் வேலை பார்க்கிறவன் இப்படி எழுதினால் கடைக்கே நஷ்டம் என்று முதலாளி பலமுறை சொல்லியிருக்கிறார். நான் கேட்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதனால் இதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

என் அண்ணன் ராஜையன் கத்தாரில் கல் அறுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவன். அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தது அந்தச் சம்பளம்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் மற்றவர்கள் தம்பிமாருக்குச் சட்டையும் செண்டும் கொண்டுவந்தால், இவன் எனக்குக் கேம் விளையாடும் பெட்டியும் பெரிய டிவியும் கொண்டுவந்தான். கடைசியாக வந்தபோது வெளியே இருந்து வரும் சத்தத்தை அடக்கும் ஒரு ஹெட்போன் கொண்டுவந்தான். அந்த முறை நெஞ்சு நிறையக் கல்தூசியும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகு அவன் திரும்பிப் போகவில்லை.

காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து மூக்குக்குழாய் வழியாகக் கொடுக்கும் மெஷின் ஒன்று வீட்டிலேயே வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எந்த மெஷின் என்று ஒரு வாரம் தேடி முடிவு செய்தது நான்தான். கரண்டு போனால் ஓட்டுவதற்கு இரட்டை பேட்டரி இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அண்ணன், "எனக்க தம்பிக்கு இதுல உள்ள வெவரம் இஞ்ச ஒருத்தனுக்கும் கெடையாது, கேட்டியளா" என்று மூச்சு வாங்க வாங்கச் சொல்லுவான். நான் அவனுக்குச் செய்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இன்வெர்ட்டர் வயர் இழுக்க வந்தவரிடம் சொல்லி என் டிவிக்கும் ஒரு பாயிண்ட் போட்டுக்கொண்டேன். செலவோடு செலவாகப் போகட்டும் என்றுதான்.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தி அடித்த புயலைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மேற்கே எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் தரையோடு படுத்துவிட்டன. கரண்டுக் கம்பங்கள் முறிந்து கிடந்தன. டவர் செத்து, போன் வெறும் கடிகாரமாகிவிட்டது. கோயில் விழாக்களுக்கு மைக்செட் போடும் சுந்தரராஜ் தன் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய், பேட்டரி சார்ஜ் ஆகும்வரை ஓட்டிக் கொடுத்தார். எங்கள் வீட்டு முறை மதியம் சாய்ந்த பிறகு வரும். அதுவரை இன்வெர்ட்டரில் இருப்பதுதான் அண்ணனின் மூச்சு.

மூன்றாம் நாள் காலை, கையிருப்பில் இருந்த ஆக்ஸிஜன் சிலிண்டரும் தீர்ந்தது. அதை நிறைத்து வர அண்ணனின் மனைவி ராகேல் மைனி மார்த்தாண்டம் புறப்பட்டாள். பஸ் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜீப்பில், வழியில் கிடக்கும் மரங்களை வெட்டி வெட்டிப் போக வேண்டும். படி இறங்கும்போது மைனி சொன்னாள்.

"ஷாஜா, நான் வாறது வரைக்கும் வேற ஒண்ணும் போட்டுராத மக்கா. ஒரு பல்பு கூட வேண்டாம். மெஷின் மட்டும் ஓடட்டு."

"எனக்குத் தெரியாதா மைனி, நீங்க போயிட்டு வாருங்க" என்றேன்.

எனக்கு உண்மையிலேயே தெரியும். எது எவ்வளவு கரண்டு இழுக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

புயலுக்கு முந்தின நாள் ஒரு கேம் டிஸ்க் கூரியரில் வந்திருந்தது. பல மாதம் காத்திருந்த கேம். பாதிக்கு மேல் முடித்திருந்தேன், அப்போதுதான் கரண்டு போனது. தமிழில் யாரும் அதைப் பற்றி எழுதியிருக்கவில்லை. முதலில் எழுதுவது நானாக இருக்க வேண்டும் என்று இருந்தது. டவரே இல்லாத ஊரில் எழுதி எங்கே ஏற்றப் போகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்றைக்கு அதை நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணன் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிப் போனான். நான் பக்கத்து ஹாலில் இருந்தேன். மெஷினோடு டிவியையும் கேம் பெட்டியையும் சேர்த்துப் போட்டால் பேட்டரி ஜெனரேட்டர் வரும்வரை தாங்காது. மைனிக்குக் கொடுத்த வாக்கும் போய்விடும். ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போட்டால் கணக்கு நேராகிவிடும். பேட்டரிக்கு ஒரு பொட்டு நஷ்டம் இல்லை. அண்ணன் கக்கூஸுக்குப் போகும்போதும் சாப்பிடும்போதும் குழாயைக் கழற்றித்தான் வைப்பான். கொஞ்ச நேரம் அது இல்லாமல் இருக்க அவனால் முடியும். நான் போய் மெஷினை அணைத்தேன். குழாயை மூக்கிலேயே விட்டுவிட்டேன், எடுத்தால் விழித்துக்கொள்வான்.

விழித்திருக்கும்போது கழற்றலாம், தூங்கும்போது மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை இங்கே சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

கேமைப் பற்றி என் கருத்து இதுதான். கதை அருமை, இசை அருமை. ஆனால் கடைசிக் கட்டத்தில் நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமிக்கும் வசதி இல்லை. பாதியில் விட்டால் எல்லாம் முதலில் இருந்து. இப்படி வடிவமைப்பது மனிதனை மதிக்காத காரியம். வீட்டில் இருப்பவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நடுவில் எழும்ப வேண்டி வரும். அந்த ஒரு வசதி இருந்திருந்தால் நான் எழும்பியிருப்பேன் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடித்துவிட்டு அறைக்குப் போனபோது அண்ணன் பாதி எழுந்த நிலையில் சுவரோடு சரிந்து கிடந்தான். மெஷின் ஸ்விட்சு கட்டிலின் கால்மாட்டில் இருந்தது. கை அந்தப் பக்கம் நீண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். பிறகு அவனை நேராகப் படுக்க வைத்தேன். போர்வையைச் சரிசெய்தேன். மெஷினைப் போட்டேன். அது எப்போதும்போல இரைந்துகொண்டு ஓடத் தொடங்கியது. டிவியின் பின்பக்கம் சூடாக இருந்ததால் அதன் மேல் ஈரத் துணி போட்டுத் துடைத்தேன். கூரியர் டப்பாவை அடுப்பில் போட்டு எரித்தேன்.

மைனி சிலிண்டரோடு வந்து சேர்ந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் மிச்சமும் இருந்தது. இன்வெர்ட்டரைப் பற்றி நான் எழுதிய நல்ல வார்த்தை எதுவும் பொய்யில்லை.

நெஞ்சு அந்த அளவுக்குப் போய்விட்டது, எந்த மெஷினும் காப்பாற்றாது என்று எல்லாரும் சொன்னார்கள். புயலில் சாவு மலிந்து கிடந்த வாரம் அது. யார் எதைத் துருவப் போகிறார்கள். அடக்கத்துக்குச் சுந்தரராஜ் ஜெனரேட்டரை எங்கள் முற்றத்திலேயே நிறுத்திவிட்டார். புயல் அடித்ததிலிருந்து எங்கள் வீட்டில் அவ்வளவு வெளிச்சம் இருந்தது அன்றைக்குத்தான்.

மைனி ஒரு கேள்விதான் கேட்டாள். "அவரு ஒன்னக் கூப்பிட்டாரா மக்கா?"

"லேப்டாப்ல சார்ஜ் இருந்துது மைனி. டவுன்லோடு பண்ணி வச்ச படம் ஒண்ணு பாத்துட்டு இருந்தேன். காதுல அண்ணன் தந்த ஹெட்போன் இருந்துது. ஒண்ணும் கேக்கல."

அவள் நம்பினாள். நம்பியதோடு நிற்கவில்லை. சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது எனக்காகப் பேசினாள். "அவன் என்ன செய்வான், காதுல அதுல்லா இருந்துது. பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க." அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அவள் கையால் சோறு தின்றேன். தொண்டையில் இறங்கியது. இறங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.

அந்த மாதிரி ஹெட்போன்கள் ஒரே சீரான இரைச்சலைத்தான் அடக்கும். ஃபேன், பஸ் எஞ்சின், ஆக்ஸிஜன் மெஷின் இரைச்சல். மனிதன் வாய்விட்டுக் கூப்பிட்டால் உள்ளே வரும். நானே என் இணையப் பக்கத்தில் இப்படி எழுதி, இது இதன் பெரிய குறை என்றும் சொல்லியிருந்தேன். டவர் வந்த அன்று அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு, 'வெளியுலகமே காதில் விழாது' என்று மாற்றினேன். நான் கருத்தை மாற்றி எழுதியது அந்த ஒரு தடவைதான். அதை நம்பி எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறார்கள்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த மைனி சேலைகூட மாற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"சுந்தரராஜுக்க மவன் ஒனக்க ஹெட்போன்மாதி ஒண்ணு வாங்கியிருக்கான். அத வச்சா ஆளு கூப்பிடுதது நல்லாக் கேக்கும்னு சொல்லுதான். அப்பிடியா ஷாஜா?"

"மாடலுக்கு மாடல் மாறும் மைனி."

"அதைக் கொண்டா."

ஹாலில் நான் எப்போதும் உட்காரும் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். ஹெட்போனை அவள் தலையில் நானே மாட்டிவிட்டேன். பாட்டைச் சத்தமாக வைக்கவா என்று கேட்டதற்கு, நீ எப்போதும் வைக்கும் சத்தத்திலேயே வை என்றாள். பிறகு உள்ளறையைக் காட்டினாள்.

"அவருக்க கட்டிலுப் பக்கத்துல போய் நின்னு என்னக் கூப்பிடு. அவரு கூப்பிடுத மாதி."

போனேன். கட்டில் விரிப்பு மாறியிருந்தது. மெஷினை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், அது நின்ற இடத்தில் தரை வெளுத்துக் கிடந்தது. கட்டில் தலைமாட்டில் நின்று வாயைத் திறந்தேன். கூப்பிடுவதுபோல உதட்டை அசைத்தேன். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். அவள் பார்க்க முடியாத இடத்தில் நின்றுகொண்டு எதற்காக உதட்டை அசைத்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

திரும்பி வந்தபோது மைனி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன் மைனி."

"எத்தன மட்டம்?"

"மூணு மட்டம்."

"ஒண்ணும் கேக்கல மக்கா" என்றாள். என் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "ஆரோ சொன்ன பேச்சக் கேட்டு ஒன்னச் சந்தேகப்பட்டுப் போட்டேன். ஆண்டவரு என்ன மன்னிக்கட்டு. நீயும் மன்னிச்சிரு."

அந்த மன்னிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், வேறு பெரிய நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. மைனி இப்போது நன்றாகத் தூங்குகிறாள். அவள் நிம்மதிக்காகத்தான் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை என்று சொல்லியிருக்கலாம், இரண்டு என்றும் சொல்லியிருக்கலாம். அண்ணன் என்னைக் கூப்பிட்டது மூன்று மட்டம், அதனால்தான் மூன்று என்று வாயில் வந்தது.