நான்கு விரல் இடைவெளி

இடுப்பை வளைத்து நாடாவால் கட்டும் கார்செட் போட்டால் மூச்சு முட்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது முட்டாது. கடையில் விற்கிற அலங்காரச் சரக்கை ஒருநாள் மாட்டிப் பார்த்துவிட்டு, விக்டோரியா ராணி காலத்துப் பெண்களுக்காகப் பரிதாபப்படுகிறார்கள். நான் தைத்ததைப் போட்டுக்கொண்டு என் மகள் பிப்பா போல்கா ஆடினாள், குனிந்து ஷூ நாடா கட்டினாள். நான் அவளை இறுக்கிக் கொன்றதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு, இன்ஸ்பெக்டர். அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் மறுக்கப் போவதில்லை.

கடைசித் தையல் வரிசையைப் பற்றித்தானே நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முறையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் கணவர் எங்களை விட்டு எதிர்த்தீவுக்குப் போனபோது பிப்பாவுக்கு ஒன்பது வயது. எங்கள் போர்ட்ஸ்மவுத்திலிருந்து அங்கே போக ஒரு தேநீர் குடிக்கிற நேரம் படகில் உட்கார்ந்தால் போதும். அந்தத் தூரத்தைக் கடந்து அவர் ஒரு பிறந்தநாளுக்குக்கூட வரவில்லை. கடலுக்கு அப்பால் போகிறவர்கள் திரும்புவதில்லை என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

பதினைந்து வயதில் பிப்பாவுக்கு உடம்புக்கு வந்தது. சாப்பாட்டைப் பார்த்தாலே பயப்படும் வியாதி. கண்ணாடியில் தெரிகிற எலும்பு அவளுக்குச் சதையாகத் தெரிந்தது. எடை பார்க்கும் கருவியை நான்தான் தூக்கிக் குப்பையில் போட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டேன். லீக் வெங்காயத்தாள் போட்ட சூப்பைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவேன். ஒரு கிண்ணம் முடிய சாயங்காலம் ஆகிவிடும். என் மடியில் தலைவைத்துத் தூங்குவாள். எல்லோரும் அதைக் கொடுமையான காலம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். உண்மையில், என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நான் இருந்ததில்லை.

பிறகு அவள் தேறினாள். தேறியவர்கள் வெளியே போவார்கள்.

பழைய கால உடைகளைத் தைத்து உடுத்தும் எங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயக் கூடத்தில் கூடும். கிறிஸ்துமஸ் சந்தையில் முழு வேஷத்தில் போய் நிற்போம். அங்கேதான் ரோரி அவளைப் பார்த்தான். கடற்படையில் இஞ்சின் வேலை. நல்ல பையன், அவன்மேல் எனக்குக் குறையில்லை. நிச்சயம் ஆகி, அவன் கப்பலேறிய வாரம், அவள் சமையலறை வாசலில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"அம்மா, ரோரிக்கு நியூசிலாந்துல வேலை கிடைச்சிருச்சு. கல்யாணம் முடிஞ்ச கையோட கிளம்புறோம்."

"அங்க ஜூலைலதான் குளிருமாமே," என்றேன்.

"வருஷத்துக்கு ஒரு தடவை நீ வந்துட்டுப் போயேன்."

"எதிர்த்தீவுக்குப் போற படகுலயே எனக்குக் குமட்டும்டி."

சிரித்தாள். பிறகு பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "கல்யாணத்துக்கு அந்தக் காலத்து கவுன்தான் போடப்போறேன். உள்ளே போடுற கார்செட்டை நீதான் தைக்கணும். வேற யார் தைச்சாலும் எனக்கு வேண்டாம்," என்றாள்.

நான் தைத்தேன். மலிவுத் துணியில் மாதிரி தைத்து, அதை அவளுக்கு மாட்டி, துணியில் ஊசி குத்திச் சரிபார்த்து, பிறகுதான் நல்ல துணியில் கத்திரி வைத்தேன். கார்செட் துணி நெருக்கமாக நெய்தது, காகிதம் மாதிரி விறைப்பாக இருக்கும். எஃகுப் பட்டைகளை அவற்றின் குழாய்த் தையலுக்குள் நுழைத்தேன். முன்னால் கொக்கி, பின்னால் நாடா. உள் துணியைக் கடைசியில்தான் வைத்துத் தைப்பது வழக்கம். அதுவரை ஓரத் தையல்கள் கைக்கு எட்டும், கூட்டலாம், குறைக்கலாம்.

எங்கள் குழுவில் ஒரு கணக்கு உண்டு. நாடாவைக் கட்டி முடித்தபின் முதுகில் இரண்டு விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி நிற்க வேண்டும், மேலும் கீழும் ஒரே சீராக. இடைவெளி குறைந்தால் உடம்பு இளைத்திருக்கிறது, கூடினால் பெருத்திருக்கிறது. நாடா கட்டிவிடுகிறவர்கள் விரலை வைத்துப் பார்த்து வாய்விட்டுச் சொல்வார்கள். எடைக் கருவி இல்லாத எங்கள் வீட்டில் பிப்பாவின் உடம்பைப் பற்றி வாய் திறந்தது அந்த இடைவெளி ஒன்றுதான்.

முதல்முறை போட்டபோது சரியாக நான்கு விரல். கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம், அவள் நூலகத்துக்கு வேலைக்குப் போனபிறகு, இரண்டு பக்கமும் ஓரத் தையலைப் பிரித்தேன். ஒரு நூல் அகலம் உள்ளே தள்ளித் தைத்தேன். இப்போது நினைத்தால்கூட அது நல்ல தையல்தான். பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நாடா கட்டியது க்ளெண்டா. எங்கள் குழுவின் வாயாடி, மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"ஏண்டி பிப்பா, கல்யாண கேக்கை இப்பவே ருசி பாத்துட்டியா? அஞ்சு விரல் போகுதே!"

"சும்மா சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்றேன், நாடா சொல்லுது. இப்படியே போனா பின்னாடி ரெட்டை மாடி பஸ்ஸே போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிப்பாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, பொரித்த மீனில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். நான் தட்டை எடுத்துக் கழுவினேன். எந்த இடத்திலும் நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நீ குண்டாகிவிட்டாய் என்று என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் இளைக்க இளைக்க நான் தையலை உள்ளே தள்ளினேன். அவள் இளைப்பதைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டு போக வேண்டும், அதுதான் அதில் இருந்த வேலை. மற்ற உடுப்புகள் தொளதொளத்தன. துவைத்துத் துவைத்துத் தளர்ந்துவிட்டன என்றாள். கன்னம் ஒட்டியதைப் பார்த்துக் கேட்டவர்களிடம் கல்யாண அலைச்சல் என்றாள். அந்த வியாதிக்கு ஒரே ஒரு சாட்சி போதும், மற்ற நூறு சாட்சியையும் அது தள்ளிவிடும். அது எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

அடுத்த கிறிஸ்துமஸ் சந்தை அன்று அவள் மயங்கி விழுந்தாள். வேலைக்கு விடுப்புப் போட்டு வீட்டில் படுத்தாள். நியூசிலாந்துப் பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்று ரோரிக்குச் சொல்லியனுப்பினாள். நான் லீக் சூப் வைத்தேன். கரண்டியில் ஊதி ஊதிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு என் மடியில் தலைவைத்தாள்.

"நீ இல்லேன்னா நான் என்னம்மா பண்ணுவேன்," என்றாள்.

அதைக் கேட்டு நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை, இன்ஸ்பெக்டர். கொஞ்சம் நோயாளியாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். எத்தனையோ அம்மாக்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ள நிலத்தை எழுதிக்கொடுக்கிறார்கள், நெஞ்சு வலி என்று படுத்துக்கொள்கிறார்கள். என்னிடம் நிலம் இல்லை. ஊசி பிடிக்கத் தெரிந்தது.

பிப்ரவரியில் ரோரி விடுப்பில் வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. ஆனால் விடவில்லை. தினமும் கடற்கரைக்கு அழைத்துப் போனான், வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பேசிப் பேசிக் கொடுத்தான். பெரிய மருத்துவரிடம் நேரம் வாங்கினான். விடுப்பு முடிந்து கப்பலுக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் போறேன், வெண்டி அம்மா," என்றான். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவன் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடைசியாகக் கார்செட்டைப் போட்டாள். அதற்கு அடுத்த வியாழக்கிழமை காலை, குளியலறையில், இதயம் நின்றுவிட்டது. உப்புச் சத்து வற்றியதால் என்றார்கள். பழைய வியாதி திரும்பிவிட்டது, பாவம் என்றார்கள். ஊரே என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. அதோடு முடிந்திருக்கும்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவளைக் கல்யாண உடையிலேயே அடக்கம் செய்யலாம் என்றார்கள். அவள் அத்தனை மாதமும் ஏங்கியது அந்த இடைவெளி மூடுவதற்குத்தான். கடைசியாகவாவது மூடட்டும் என்று, உள்ளே தள்ளிய தையல்களையெல்லாம் பிரித்துவிட்டு முதல் அளவிலேயே தைத்துக் கொடுத்தேன். ஒரு அம்மா வேறு என்ன செய்ய முடியும்?

நாடா கட்ட க்ளெண்டா வந்தாள். எப்போதும் கட்டியவள் அவள்தானே. கட்டியபோது இரண்டு விளிம்பும் முட்டிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. அவள் அழுதபடி துணியை நீவினாள். நீவிய கை ஓரத் தையலுக்குப் பக்கத்தில் நின்றது.

கம்பளியில் ஊசித்துளை ஆவி காட்டினால் மூடிவிடும். கார்செட் துணியில் மூடாது. இருபது வருஷமாக அதில் தைக்கிறவள் நான், அதை மறந்துவிட்டேன். பிரித்த தையல் ஒவ்வொன்றின் துளையும் வரிசை வரிசையாக வெளியே தெரிந்தது.

"இவ்வளவு தடவை உள்ள பிடிச்சிருக்கியா வெண்டி?"

"இளைச்சுக்கிட்டே போனாளே."

"இளைச்சா இடைவெளி குறையணும். நான்தானே ஒவ்வொரு வாரமும் விரல் வச்சுப் பார்த்தேன். கூடிக்கிட்டே போச்சு." அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் வாயால இல்ல சொல்ல வச்சிருக்க."

அவள் நேராக உங்களிடம் வந்தது எனக்கு வருத்தமில்லை. அவள் இனி யாருக்கும் நாடா கட்டமாட்டாள் என்று கேள்விப்பட்டேன். அது வருத்தம்தான், நல்ல கை. ரோரி தனியாகவே விமானம் ஏறிவிட்டானாம். பிப்பா எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறாள். மழை இல்லாத நாட்களில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். இனி அது முடியாது என்று நினைக்கிறேன்.

கடைசி வரிசையைக் கேட்டீர்கள். மற்றதெல்லாம் புரிகிறது, பயணத்தை நிறுத்தத்தான். பயணம் நின்று, மகள் மடியில் படுத்தபிறகு, ரோரியும் கப்பலேறிய பிறகு, அந்தக் கடைசி வரிசை எதற்கு என்று கேட்டீர்கள். அவன் போன மறுநாள் காலை பிப்பா தானாகவே எழுந்து, சமையலறைக்கு வந்து, என்னைக் கேட்காமல், இரண்டு துண்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டாள்.