அக்காவின் பெயரில் ஒரு டிக்

எனக்குக் காத்திருக்க வராது. பல் மருத்துவரிடம் போனால்கூட எனக்கு முன்னால் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொண்டேதான் உட்கார்ந்திருப்பேன். வாரத்தில் மூன்று மாலைகள் புள்ளியியல் வகுப்புக்குப் போகிறேன். அந்த நோட்டின் பின்பக்கங்களில் நாட்குறிப்பும் எழுதுகிறேன். இங்கே வரும் கிழமைகளையும் நேரங்களையும் அதைப் பார்த்து இரண்டு முறை சரிபார்த்திருக்கிறேன். என் ஞாபகத்தின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

எங்கள் அலுவலகத்தில் மருத்துவமனைகளின் மருந்தேற்றும் பம்புக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். நோயாளியின் எடையைத் திரையில் அடித்தால், எவ்வளவு மருந்து போக வேண்டும் என்று அதுவே கணக்கிட்டு ஏற்றும். நான் அந்த மென்பொருளை எழுதுபவன் அல்ல. எழுதுகிறவர்கள் சேர்ந்து வேலை செய்வதற்கான கருவியை எழுதுபவன். யார் எந்த மாற்றம் செய்தாலும் அது முதலில் என் கருவிக்கு வரும். இரண்டு பேர் படித்துப் பார்த்து டிக் போட வேண்டும். இரண்டும் விழுந்தால் சிவப்பு பச்சையாகும். அதன் பிறகு மாற்றம் மருத்துவமனைகளுக்குப் போகும்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் எப்போதும் அக்காதான். அலுவலகத்திலேயே மூத்தவர். ஒரு வரி விடாமல் படிப்பார். படித்தது போதாதென்று, மேசையில் வைத்திருக்கும் பழைய பம்பில் தானே எண்களை அடித்தும் பார்ப்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். திரைப் பகுதியை எழுதுபவருக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆனது. அதனால் எங்களுக்கு அவர் மாப்பிள்ளை. அவர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "அக்காகிட்ட ஒண்ணு அனுப்பியிருக்கேன். அது திரும்பி வர்றதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்."

அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பேரன் எழுதறதையும் அனுப்பு மாப்பிள்ளை. அவனாவது புள்ளியை மறக்காம எழுதறானான்னு பாப்போம்."

மாப்பிள்ளையும் சேர்ந்துதான் சிரித்தார்.

ஒரு மாற்றம் யாரிடம் சராசரியாக எத்தனை மணி நேரம் காத்திருக்கிறது என்பதைச் சுவரில் இருக்கும் டிவியில் காட்டச் சொன்னார் மேலாளர். செய்து கொடுத்தேன். அக்காவுக்கு நாற்பத்தொன்று. மற்ற யாரும் ஆறைத் தாண்டவில்லை. மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "இந்த ஒரு கோடு மட்டும் குட்டையாச்சுன்னா போதும்டா. அவங்ககிட்ட பேசி ஜெயிக்க என்னால முடியாது. நீ ஏதாவது பண்ணு." என்ன பண்ணினேன் என்று பிறகு அவர் கேட்டதில்லை.

முதலில் நினைவூட்டும் மணி வைத்தேன். அக்கா மணியை அணைத்துவிட்டார். பிறகு ஒரு விதி எழுதினேன். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால், ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டு, அவர் பெயரில் கருவியே டிக் போட்டுவிடும். பதிவைத் திறந்து பார்த்தால் மட்டும், பக்கத்தில் சின்ன எழுத்தில் 'தானாக' என்று இருக்கும். என் கருவியில் நான் செய்யும் மாற்றத்துக்கும் அக்காவின் டிக் வேண்டும். 'சிறு திருத்தங்கள்' என்று தலைப்பிட்டு அனுப்பினேன். விதி அதில் பதினேழாவதாக இருந்தது. அவரிடம் ஏற்கெனவே ஒன்பது மாற்றங்கள் காத்திருந்தன. விதி வேலை செய்கிறதா என்று எதிலாவது சோதித்துப் பார்க்க வேண்டும் அல்லவா, அதனால் அந்தக் கோரிக்கையிலேயே சோதித்தேன். மறுநாள் பச்சையாகிவிட்டது. ஆக, விதிக்கு ஒப்புதல் கொடுத்தவர் அக்கா. பதிவில் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு மாதத்தில் நாற்பத்தொன்று பத்தொன்பதானது. தன் வரிசை குறைந்திருப்பதைப் பார்த்து, "யாரோ பாவம், எனக்கும் சேர்த்துப் பாக்கறாங்க போல," என்றார் அக்கா. நான் எதுவும் சொல்லவில்லை. அது பொய் சொன்னதாகுமா என்று அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பதில் எழுதவில்லை.

பிறகு அவருடைய கணவருக்கு இதய அறுவை சிகிச்சை வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அஞ்சு நாள் இருக்க மாட்டேன். என் பேருக்கு வர்றது அப்படியே கெடக்கட்டும். வந்து பாத்துக்கறேன்."

"சரிக்கா. நீங்க மாமாவைப் பாருங்க."

விடுப்பில் இருப்பவருக்கு விதி தானே நிற்கும் வசதியை நான் எழுதியிருக்கவில்லை. கையால் நிறுத்தலாம், நான்கு நிமிட வேலை. அன்று வகுப்பு இருந்ததால் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை காலை ஞாபகம் வந்தது. மறந்துபோனேன் என்று சொல்லலாம், ஆனால் நோட்டில் வேறு மாதிரி இருக்கிறது. அன்று டிவியில் பதினேழு. விதியை நிறுத்தினால் ஐந்து நாளில் அது பழையபடி ஏறிவிடும். நிறுத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை எடை அடிக்கும் கட்டத்தை அழகாக்கி ஒரு மாற்றம் அனுப்பினார். அதில் வேகமாக அடித்தால் தசமப் புள்ளி பதியாது. ஒன்று புள்ளி நான்கு, பதினான்காகும். பழைய பம்பில் ஒரு தடவை அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முதல் டிக்கை மேலாளர் போட்டார். இரண்டாவது, புதன்கிழமை மதியம் மூன்று பன்னிரண்டுக்கு, அக்காவின் பெயரில் விழுந்தது. அந்த நேரத்தில் அவர் அறுவை அறைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு குழந்தையின் எடை ஒன்று புள்ளி நான்கு கிலோ. இன்னொரு குழந்தைக்கு ஒன்று புள்ளி ஒன்பது. வேறு வேறு மருத்துவமனைகள். மூன்றாவது குழந்தைக்கு மருந்து ஏற்றும்போது ஒரு செவிலியர் திரையை உற்றுப் பார்த்தார். அதனால் அந்தக் குழந்தை இருக்கிறது.

விசாரணை அதிகாரி பதிவுகளைக் கேட்டார். எடுத்துத் தர ஒரு வாரம் ஆகும் என்றார் மேலாளர். அந்த வாரத்தில் 'தானாக' என்ற சொல்லைப் பழைய பதிவுகள் எல்லாவற்றிலிருந்தும் எடுத்தேன். விதியை மற்றவர்களுக்கு நிறுத்திவிட்டு, நான் அனுப்பும் கோரிக்கைகளுக்கு மட்டும் விட்டு வைத்தேன். அதற்கும் இரண்டு டிக் வேண்டியிருந்தது. மேலாளர் படிக்காமல் போட்டார். அக்காவை அதற்குள் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள், ஆனால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் காத்திருந்தேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

அந்த மாற்றத்தைப் பார்க்கவேயில்லை என்று அதிகாரியிடம் அக்கா சொன்னார். படிக்காமல் டிக் போடுகிற ஆள் அவர் இல்லை என்று அலுவலகமே அவருக்காகப் பேசியது. அதுவே அவருக்கு எதிராகப் போயிற்று. டிக் இருக்கிறது, அப்படியானால் படித்திருக்கிறார்.

ஒரு மாலை பேருந்து நிறுத்தத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் போடாம அது விழுமா?"

"விழாதுக்கா."

"அன்னிக்கு போன் கையிலயேதான் இருந்துச்சு. டாக்டர் கூப்பிடுவார்னு புடிச்சுட்டே இருந்தேன். கை கிய் பட்டிருக்குமோ?"

"பட்டிருக்கலாம்கா."

தன் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ செஞ்ச டூலு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். என் பேருந்து வந்தது. "ஏறு, ஏறு. கிளாஸுக்கு லேட்டாயிடும்."

மறுநாள் அதிகாரியிடம் போய், கை பட்டிருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஐந்து வருடம் கொடுத்தார்கள். மாமா பிழைத்துக்கொண்டார். வாரம் ஒருமுறை அவர்தான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். உள்ளே போன் கிடையாதாம்.

இதுவரை எழுதியதை நேற்றுக் காலை பத்தரைக்கு என் கருவியில் ஏற்றினேன். எதையும் மறைக்கவில்லை. விதியை எழுதியதும், நிறுத்தாமல் விட்டதும், அந்தச் சொல்லை எடுத்ததும், விழாது என்று அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னதும் நான்தான் என்று தெளிவாக இருக்கிறது. கோரிக்கைக்கு இப்படித் தலைப்பு வைத்தேன்: 'இதை அதிகாரியிடம் கொடுக்காமல் இத்தோடு முடித்துக்கொள்ளலாமா?' மென்பொருள் மாற்றம் இல்லாத கோரிக்கைக்கு ஒரு டிக் போதும், அதனால் பார்க்க வேண்டியவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயரைப் போட்டேன். முடிவு செய்யும் உரிமை அவருக்கு மட்டும்தான் உண்டு. வேண்டாம் என்று ஒரு வார்த்தை வந்தால் அன்றைக்கே அதிகாரியிடம் போய்விடுவேன் என்றும் கீழே எழுதினேன். நிஜமாகவே போயிருப்பேன்.

இன்று காலை பத்தரைக்குத் திறந்து பார்த்தேன். பச்சை. அக்காவுக்கு ஆட்சேபணை இல்லை.