ஆமென் சொல்ல விடாத அப்பா

புக்கிட் ரோத்தான் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் நடுத்தர வயது அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

“சின்ன வயசுல அப்பா நம்மள லேசுல ஆமென் சொல்ல விடமாட்டாருக்கா,” என்றாள் தங்கை.

“ஆமா. தோட்டத்து லயத்துக் கடைசி வீட்டு முனியாண்டி மாமாவுக்குக் கஞ்சி கொண்டுபோனவங்க திரும்பி வந்தாதானே ஜெபம் முடியும். நீ போனா வரவே மாட்ட. எங்களுக்கு மண்டி போட்டு முட்டி வலிக்கும்.”

“மாமா கத சொல்லுவாரு லா!” என்று தங்கை சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “என் பிள்ளைங்க ஜெபத்துக்கு உக்காரவே மாட்டேங்குதுங்கக்கா.”

“அவங்கள கஞ்சி கொண்டுபோக அனுப்புனியா?”

“யாருக்கு?”

“உன் பக்கத்து வீட்டுச் சீன அம்மா தனியாதானே கெடக்காங்க?”

பஸ் அசாம் ஜாவா நிறுத்தம் தாண்டியதும் தங்கை போனை எடுத்து மகனை அழைத்தாள்.

“தம்பி, ஜெபம் அப்புறம். நான் வந்ததும் பக்கத்து வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோறோம். ஆமாடா, உங்க அப்பாவும்தான் வருவாரு.”